முகமது அலியை முதலில் தோற்கடித்தவர்: ஜோ ஃபிரேசியர் வழியே ஒரு குத்துச்சண்டைப் பாடம்

1971-இல் ஜோ ஃபிரேசியர் முகமது அலியைத் தோற்கடித்தார். 1973-இல் ஜார்ஜ் ஃபோர்மன் அதே ஃபிரேசியரை இரண்டே ரவுண்டுகளுக்குள் ஆறு முறை தரையில் தள்ளினார். 1974-இல் அலி அந்த ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். அப்படியானால் மூவரில் யார் கெட்டிக்காரர்? குத்துச்சண்டையைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் எவரும் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள். இன்னாரை வென்றவரை வென்றவர் என்று கணக்குப் போட்டால் வட்டம் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு கருத்து போதும்: பாணி. ஒரு வீரர் எந்தத் தூரத்தில் நின்று சண்டையிட விரும்புகிறார், அந்தத் தூரத்தை எப்படிப் பெறுகிறார், பெற்றபின் எந்தக் குத்தை நம்புகிறார் என்பதுதான் அவருடைய பாணி. உலகத்துப் பந்துவீச்சாளர்களையெல்லாம் விளாசும் ஒரு மட்டையாளர், யாரோ ஒரு சுழல்பந்துக்காரரிடம் மட்டும் திரும்பத் திரும்ப விக்கெட்டைப் பறிகொடுப்பதைப் பார்த்திருப்போம். குத்துச்சண்டையில் இப்படிப்பட்ட பொருத்தம்தான் பாதி ஆட்டம். இதைக் கற்றுக்கொள்ள ஃபிரேசியரைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2011 நவம்பர் 7 அன்று, 67 வயதில், கல்லீரல் புற்றுநோயால் அவர் இறந்தார். அன்று வெளியான அஞ்சலிகளில் பெரும்பாலானவை அலியின் பெயரைச் சொல்லாமல் இரண்டு வாக்கியம் தாண்டவில்லை. அதில் தவறில்லை; ஆனால் அலியின் கதையில் ஒரு பக்கமாக மட்டும் அவரை வைத்துவிட்டால் ஆட்டமே புரியாது.

முதலில் இரண்டு குத்துகளைத் தெரிந்துகொள்வோம். வலக்கைப் பழக்கமுள்ள வீரர் இடது காலையும் இடது கையையும் முன்னால் வைத்து நிற்பார். முன்கையால் நேராக நீட்டி அடிக்கும் குத்து ஜாப். அதில் வேகம் அதிகம், பலம் குறைவு. எதிராளியைத் தள்ளி வைக்கவும், அவர் கண்ணை மறைக்கவும், தூரத்தை அளக்கவும் அது பயன்படும். ஹுக் அப்படியில்லை. முழங்கையை மடக்கியபடி பக்கவாட்டிலிருந்து வீசும் குத்து அது. அதன் பலம் கையிலிருந்து வருவதில்லை. காலும் இடுப்பும் திரும்பும்போது உடலின் மொத்த எடையும் அந்த வளைந்த கைக்குள் வந்து சேர்கிறது. ஆனால் ஹுக் பட வேண்டுமானால் எதிராளிக்கு மிக அருகில் போக வேண்டும்.

அலி ஆறடி மூன்று அங்குலம். நீண்ட கைகள். அவருக்குத் தூரம்தான் கோட்டை. கால்களால் வட்டமடித்து, ஜாப்பால் குத்தி, அடி வரும்போது தலையைப் பின்னால் சாய்த்துத் தப்பித்துவிடுவார். ஃபிரேசியர் ஆறடிக்குச் சற்றுக் குறைவு. கை நீளத்திலும் அலியைவிடச் சில அங்குலம் குறைவு. எட்ட நின்றால் அவருக்குச் சாவுமணிதான். ஆகவே தலையை இடமும் வலமுமாக ஆட்டி, குனிந்து நிமிர்ந்து, வரும் ஜாப்களைத் தோளுக்கு மேலே போகவிட்டு, நிற்காமல் முன்னேறிக்கொண்டே இருப்பார். குனிவதைத் தற்காப்பு என்று மட்டும் நினைக்கக் கூடாது. இடப்பக்கம் குனியும் ஒவ்வொரு முறையும் உடல் எடை இடது காலில் ஏறுகிறது. நிமிரும்போது அந்த எடை முழுவதும் இடது ஹுக்காக வெளியே வருகிறது. தப்பிக்கும் அசைவே அடிக்கும் அசைவாகவும் இருந்ததுதான் அவர் பாணியின் நுட்பம். ‘புகையும் ஜோ’ என்ற பட்டப்பெயர் அவருக்குப் பொருந்திப்போனதற்கும் இந்த ஓயாத நெருக்கடிதான் காரணம்.

அந்த இடது கைக்கு ஒரு பின்கதை உண்டு. 1944 ஜனவரி 12 அன்று தென் கரோலைனாவின் போஃபோர்ட் பகுதியில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுவயதில் பண்ணைப் பன்றி ஒன்று துரத்த, ஓடும்போது விழுந்து இடது கை அடிபட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். வைத்தியத்துக்குக் காசில்லை. கை கோணலாகவே கூடிவிட்டது. அதன்பின் அதை முழுமையாக நீட்ட முடியவில்லை. ஜாப் அடிப்பவருக்கு இது பெருங்குறை. ஹுக் அடிப்பவருக்கோ, எப்போதும் மடங்கியே இருக்கும் கை ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவைத்திருக்கிறது.

வளரிளம் பருவத்திலேயே தெற்கை விட்டு வடக்கே வந்து, பிலடெல்பியாவில் ஓர் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். கொக்கியில் தொங்கும் மாட்டிறைச்சியைக் குத்திப் பயிற்சி செய்வார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், காயம்பட்ட பஸ்டர் மேத்திஸுக்கு மாற்று வீரராகத்தான் போனார். அரையிறுதியில் இடது கட்டைவிரல் முறிந்துவிட்டது. அதை வெளியே சொல்லாமல் இறுதிப்போட்டியில் இறங்கி, ஜெர்மனியின் ஹான்ஸ் ஹூபரை வென்று தங்கம் பெற்றார். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குத்துச்சண்டை அணிக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான்.

1967-இல் அலி வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவச் சேர்ப்பை மறுத்தார். அவருடைய உலக ஹெவிவெயிட் (மிகு எடைப் பிரிவு) சாம்பியன் பட்டம் பறிக்கப்பட்டது, உரிமம் ரத்தானது, மூன்றரை ஆண்டுகள் ரிங்குக்கு வெளியே இருந்தார். காலியான இடத்துக்குப் பலர் மோதினார்கள். 1970 பிப்ரவரியில் ஜிம்மி எல்லிஸை வீழ்த்திய ஃபிரேசியர் மறுக்க முடியாத ஹெவிவெயிட் சாம்பியனானார். (இந்த எல்லிஸைச் சென்னைக்காரர்கள் சிலர் நேரில் பார்த்திருக்கக்கூடும். 1980-இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் மோதியது இவரோடுதான். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதைப் பார்க்க வந்திருந்தார்.)

தடைக்காலத்தில் அலி கையில் காசில்லாமல் இருந்தபோது ஃபிரேசியர் பணம் கொடுத்து உதவினார். அலிக்கு உரிமத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அதில் சுயநலமும் இருந்தது என்பது உண்மை. அலியை வெல்லாத சாம்பியனை யாரும் முழுச் சாம்பியனாக ஏற்கத் தயாராக இல்லை. ஆனால் உதவி உதவிதான். அலி திரும்பி வந்ததும் டிக்கெட் விற்பதற்கான வாய்ச்சவடால் ஆரம்பித்தது. ஃபிரேசியர் அசிங்கமானவர், மூளையில்லாதவர், வெள்ளையருக்கு வால்பிடிக்கும் கறுப்பர் என்றெல்லாம் அலி பேசினார். பருத்திக்காட்டு வறுமையிலிருந்து வந்த ஃபிரேசியரை, லூயிவில் நகரத்தில் அவரைவிட வசதியாக வளர்ந்த அலி இப்படிச் சொன்னது அநியாயம். அதை அலியின் குறும்பு என்று சிரித்துத் தள்ளும் எழுத்தாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பேச்சால் ஃபிரேசியரின் பிள்ளைகள் பள்ளியில் கேலிக்கு ஆளானார்கள்.

அரசியலும் சேர்ந்துகொண்டது. போரை எதிர்த்தவர்கள் அலியின் பக்கம் நின்றார்கள். போரை ஆதரித்தவர்கள், அலியைப் பிடிக்காத ஒரே காரணத்துக்காக, ஃபிரேசியரைத் தங்கள் ஆளாக்கிக்கொண்டார்கள். அவர் கேட்காத கட்சி அது.

1971 மார்ச் 8, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். ஆளுக்கு 25 லட்சம் டாலர். அதுவரை தோல்வியே காணாத இரண்டு ஹெவிவெயிட் சாம்பியன்கள் மோதிய ஆட்டம். ‘நூற்றாண்டின் சண்டை’ என்று அழைத்தார்கள். பாடகர் ஃபிராங்க் சினாட்ரா ரிங் ஓரத்தில் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் சில ரவுண்டுகளில் அலியின் ஜாப்கள் ஃபிரேசியரின் முகத்தில் வந்து விழுந்தன. ஃபிரேசியர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. விலா எலும்புகளையும் வயிற்றையும் குறிவைத்தார். தலையில் அடித்தால் எதிராளி தலையை நகர்த்திவிடுவார், உடலை நகர்த்துவது கடினம். உடலில் விழும் அடி உடனே ஆளைச் சாய்க்காது; ஐந்தாறு ரவுண்டுகள் கழித்து அது கால்களில் தெரியும். மூன்றரை ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அலியின் கால்கள் பழைய கால்களாக இல்லை. வட்டமடிப்பது குறைந்து கயிற்றில் சாயத் தொடங்கினார். 11-வது ரவுண்டில் ஓர் இடது ஹுக் அவரைத் தள்ளாட வைத்தது.

15-வது ரவுண்டில் நடந்ததைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஃபிரேசியரின் முகாமிலிருந்த பயிற்சியாளர் எடி ஃபட்ச் முன்பே ஒன்றைக் கவனித்திருந்தார். அலி வலது அப்பர்கட் அடிக்கும்போது (கீழிருந்து மேல்நோக்கித் தாடைக்கு வரும் குத்து அது) குனியாமல் நிமிர்ந்து நின்றபடியே வலது கையைத் தாழ்த்துவார். அந்தக் கணத்தில் அவருடைய வலப்பக்கத் தாடைக்குக் காவல் இல்லை. எதிரே நிற்பவரின் இடது ஹுக் வந்து சேரும் இடமும் அதுவேதான். ‘அந்தக் கை இறங்குவதைப் பார்த்ததும் ஹுக்கை வீசு’ என்பதுதான் ஃபட்ச் சொல்லிக் கொடுத்த பாடம். கடைசி ரவுண்டில் அலியின் வலது கை இறங்கியது. ஃபிரேசியர் ஏறக்குறைய தரையிலிருந்தே எழும்பி ஹுக்கை வீசினார். அலி மல்லாந்து விழுந்தார். உடனே எழுந்தும் விட்டார். அந்த அடிக்குப் பிறகு எழுந்ததே ஒரு சாதனை என்று நினைக்கிறேன். தாடை ஒரு பக்கம் வீங்கிப்போயிருந்தது.

மூன்று தீர்ப்புகளும் ஃபிரேசியருக்கே. அன்று நியூயார்க்கில் ரவுண்டு ரவுண்டாக எண்ணினார்கள்: யார் அதிக ரவுண்டுகளை வென்றாரோ அவருக்கு ஆட்டம். நடுவர் ஆர்தர் மெர்கான்டே எட்டு ரவுண்டு ஃபிரேசியருக்கு, ஆறு அலிக்கு, ஒன்று சமம் என்று எழுதினார். ரிங்குக்கு வெளியே அமர்ந்து மதிப்பிட்ட மற்ற இரு தீர்ப்பாளர்கள் ஃபிரேசியருக்கு இன்னும் அதிகமாகக் கொடுத்தார்கள். இன்றைய முறை வேறு: ரவுண்டை வென்றவருக்கு 10 புள்ளி, தோற்றவருக்கு வழக்கமாக 9; ஒரு முறை கீழே விழுந்திருந்தால் 8. வென்ற ஃபிரேசியர் மருத்துவமனையில் படுக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த இரவு முழுமையாகும்.

இப்போது ஃபோர்மன். 1973 ஜனவரி 22, ஜமைக்காவின் கிங்ஸ்டன். ஃபோர்மன் உயரமானவர், முரட்டுப் பலம் கொண்டவர், அலியைப்போல ஓடாதவர். ஃபிரேசியரின் பாணிக்கு ஒரே நிபந்தனை, உள்ளே போக வேண்டும். அலியிடம் உள்ளே போவதற்குக் கொடுக்க வேண்டிய விலை சில ஜாப்கள். ஃபோர்மனிடம் அதே வழியில் போனவருக்குக் காத்திருந்தது அப்பர்கட். குனிந்து குனிந்து முன்னேறுகிறவரின் முகம், கீழிருந்து வரும் குத்துக்கு நேர் எதிரே தானாக வந்து நிற்கிறது. நெருங்கிவிட்டாலும் ஃபோர்மன் இரு கைகளாலும் தோளைப் பிடித்துத் தள்ளி, தன் கைக்கு வசதியான தூரத்துக்கு அவரைத் திருப்பி அனுப்பினார். ஆறு முறை விழுந்து ஆறு முறையும் எழுந்த ஃபிரேசியரைப் பார்த்து நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். எது அவரை அலியிடம் வெல்ல வைத்ததோ அதுவே ஃபோர்மனிடம் கவிழ்த்தது.

மறுபக்கம், 1974-இல் ஆப்பிரிக்க நகரமான கின்ஷாசாவில் ஃபோர்மனின் பலத்தை அலி கயிற்றில் சாய்ந்து வாங்கிக்கொண்டார். கைகளால் முகத்தை மூடி, தோளிலும் முழங்கையிலும் அடிகளை ஏற்று, ஃபோர்மன் களைத்துப்போகும்வரை காத்திருந்து அடித்தார். ஃபோர்மனுக்கு ஓயாமல் நெருக்கடி கொடுக்கும் பழக்கமில்லை; பெரிய பெரிய குத்துகளாக வீசி மூச்சுத் தீர்ந்துபோனார். ஃபிரேசியரிடம் அதே உத்தியை அலி நம்பியிருக்க முடியாது. அவர் களைக்கவே மாட்டார். மூன்று பாணிகளையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது.

1974 ஜனவரியில் நடந்த இரண்டாவது அலி–ஃபிரேசியர் ஆட்டம் 12 ரவுண்டு, அலிக்கு வெற்றி. மூன்றில் சுவை குறைந்தது இதுதான். ஆனால் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு: கிளிஞ்ச். ஃபிரேசியர் நெருங்கிய ஒவ்வொரு முறையும் அலி அவர் கழுத்தின் பின்னால் கையைப் போட்டு அழுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விதிப்படி இது தவறு. நடுவர் கண்டிக்காவிட்டால் நல்ல தற்காப்பு. ஆகவே அடுத்த ஆட்டத்துக்கு நடுவர் யார் என்பதில் ஃபட்ச் விடாப்பிடியாக இருந்தார். பிலிப்பைன்ஸ்காரரான கார்லோஸ் படில்லா நடுவரானார். அவர் அந்தக் கழுத்துப்பிடியை அனுமதிக்கவில்லை.

1975 அக்டோபர் 1, மணிலா நகரையொட்டிய கேசோன் சிட்டியின் அரனேட்டா அரங்கம். அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காகக் காலையிலேயே ஆட்டம். உள்ளே கூட்டமும் விளக்குகளும் சேர்ந்து தாங்க முடியாத வெக்கை. இந்த முறை அலி, ‘மணிலா’வோடு எதுகை சேர்வதற்காக ஃபிரேசியரைக் கொரில்லா என்று அழைத்து, ரப்பர் பொம்மை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு செய்தியாளர் கூட்டத்தில் அடித்துக் காட்டினார். ஒரு கறுப்பர் இன்னொரு கறுப்பரைக் குரங்கு என்று ஊரறியக் கூப்பிட்டதை ஃபிரேசியர் கடைசிவரை மறக்கவில்லை.

ஆட்டம் மூன்று துண்டாகப் பிரிந்தது. முதல் நான்கைந்து ரவுண்டுகள் அலிக்கு. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நின்ற இடத்திலிருந்தே கடுமையாக அடித்தார். நடுப்பகுதி ஃபிரேசியருக்கு. கழுத்தைப் பிடிக்க முடியாததால் அலி கயிற்றோரம் மாட்டிக்கொண்டு இடுப்பிலும் விலாவிலும் அடி வாங்கினார். 12-வது ரவுண்டிலிருந்து காற்று மறுபடியும் திரும்பியது. ஃபிரேசியரின் இடது கண்ணில் வெகுகாலமாகவே பார்வைக் குறை இருந்தது. அதை மறைத்துத்தான் இத்தனை ஆண்டுகள் சண்டையிட்டார் என்பது பிற்பாடு அவரே சொன்ன செய்தி. முகம் வீங்கி மற்ற கண்ணும் மூடிக்கொண்டு வந்ததும் அலியின் வலது கை வருவதே அவருக்குத் தெரியவில்லை. அடி வரும் திசை தெரியாமல் தலையை ஆட்டி என்ன பயன்? 13-வது ரவுண்டில் அவருடைய பற்காப்பு பார்வையாளர் பக்கம் பறந்தது.

14-வது ரவுண்டு முடிந்து மூலைக்கு வந்தவரை ஃபட்ச் மீண்டும் எழவிடவில்லை. ஃபிரேசியர் மறுத்தார், இன்னும் ஒரு ரவுண்டுதான் என்றார். இன்று நீ செய்ததை யாரும் மறக்க மாட்டார்கள் என்று சொல்லி, ஃபட்ச் நடுவரைப் பார்த்துக் கையசைத்தார். புதியவர்கள் இந்த விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வீரர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவர் மூலையிலிருக்கும் பயிற்சியாளர் ஆட்டத்தைக் கைவிடலாம். அப்போது எதிராளிக்கு வெற்றி. அந்த நேரத்தில் மூன்று புள்ளி அட்டைகளிலும் அலியே முன்னிலையில் இருந்தார். எதிர்மூலையில் அலியும் எழும் நிலையில் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர் தரப்பினர் அதை மறுத்தார்கள். வெற்றி அறிவிக்கப்பட்டதும் எழுந்து கையை உயர்த்திய அலி, அப்படியே தரையில் சரிந்தார். சாவுக்கு மிக அருகில் போய்வந்ததுபோல் இருந்தது என்று பிறகு சொன்னார்.

பிற்பாடு விதிகள் மாறின. 1982-இல் 14-வது ரவுண்டில் வீழ்ந்த தென் கொரிய வீரர் கிம் டுக்-கூ இறந்தபின், பட்டப் போட்டிகள் 15 ரவுண்டிலிருந்து 12 ரவுண்டாகக் குறைந்தன. 1971-இல் அலியைச் சாய்த்த அந்த ஹுக்குக்கு இன்றைய விதியில் இடமே இருந்திருக்காது.

ஃபிரேசியர் 37 தொழில்முறை ஆட்டங்களில் 32 வெற்றி, ஒரு சமன், நான்கு தோல்வியோடு ஓய்வுபெற்றார். அந்த நான்கில் இரண்டு அலியிடம், இரண்டு ஃபோர்மனிடம். வேறு யாரும் அவரைத் தோற்கடித்ததில்லை. அலிமீது இருந்த கசப்பு மட்டும் ஆறவில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அலி ஜோதி ஏற்றியபோது, அந்தத் தீக்குள்ளேயே அவரைத் தள்ளிவிட்டிருப்பேன் என்கிற பொருளில் பேசினார். கேட்க நன்றாக இல்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகள் ஒருவர் பேசி ஊர் முழுதும் சிரித்ததை வாங்கிக்கொண்டவர் அவர். 2001-இல் ஒரு நியூயார்க் நாளிதழ் வழியே அலி மன்னிப்புக் கேட்டார். என்னிடம் நேரில் சொல்லாமல் பத்திரிகையிடம் ஏன் சொன்னார் என்பது ஃபிரேசியரின் குறை. அதே ஆண்டு ஜூனில் இருவரின் மகள்கள், லைலா அலியும் ஜாக்கி ஃபிரேசியர்-லைடும், ரிங்கில் மோதினார்கள். எட்டு ரவுண்டுக்குப் பிறகு லைலாவுக்கு வெற்றி. 2011-இல் ஃபிரேசியரின் இறுதிச் சடங்குக்கு நோயுற்ற அலி வந்திருந்தார்.

பிலடெல்பியாவில் ‘ராக்கி’ என்ற திரைப்படத்தின் கற்பனை வீரனுக்கு எண்பதுகளிலேயே சிலை வந்துவிட்டது. இறைச்சியைக் குத்திப் பயிற்சி செய்யும் அந்தப் படத்தின் புகழ்பெற்ற காட்சி ஃபிரேசியரின் வாழ்க்கையிலிருந்து வந்தது. அந்த நிஜ மனிதருக்கு நகரம் சிலை வைத்தது 2015-இல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து.

இந்த ஆட்டங்களின் பதிவுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் 1971, 1973 கிங்ஸ்டன், 1974 கின்ஷாசா, 1975 மணிலா என்ற வரிசையில் பாருங்கள். 1971 ஆட்டத்தை முதல் முறை பார்க்கும்போது அலியின் மேல் கண் தானாகப் போகும். அவர் அழகு அப்படி. இரண்டாம் முறை ஃபிரேசியரின் இடது காலை மட்டும் கவனியுங்கள். ஹுக் எங்கிருந்து கிளம்புகிறது என்பது அங்கேதான் தெரியும்.